கூப்பிட்டது யாருக்குக் கேட்டது?

ஓ.பி. வாசலில் மின்பலகை மாட்டி, வருகிறவர் கையில் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்துவிட்டால் மருத்துவமனைக் காத்திருப்பு ஒழுங்குக்கு வந்துவிடும் என்பது இன்று அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. நிர்வாகிகள் சொல்கிறார்கள், பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள், வரிசையில் இடிபட்டு அலுத்த நோயாளிகளிலும் பலர் சொல்கிறார்கள். அதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்கிறார்கள்: பலகையில் நம்பர் வந்த பிறகும் ஒருவர் எழுந்து வரவில்லை என்றால் அது அவருடைய கவனக்குறைவு, அவருக்காக மற்றவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும், அவர் போய்க் கடைசியில் உட்காரட்டும்.

முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது முழுத் தவறு. அந்தத் தவறால் ஒவ்வொரு நாளும் மருந்தில்லாமல், ஊசி போடாமல், அடுத்த தேதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

டோக்கன் வருவதற்கு முன் டாக்டர் அறைக் கதவு எப்படி இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். கதவிடுக்கில் பத்துத் தலைகள் தெரியும். தெரிந்தவர், சிபாரிசுச் சீட்டோடு வந்தவர், குரல் உயர்த்தத் தெரிந்தவர் உள்ளே போவார். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர் சுவரோரம் நிற்பார். எண் வந்த பிறகு அந்த அநியாயம் குறைந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. யாருக்கு அடுத்து யார் என்பதை எண் தீர்த்துவிடுகிறது. ஆனால் அந்த அடுத்தவரை டாக்டர் முன்னால் கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலை. அதைச் செய்ய ஆள் கிடையாது. பலகை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஒரு எண் சிவப்பில் மின்னியதாலோ மைக்கில் ஒரு குரல் ஒலித்ததாலோ ஒருவரை அழைத்தாயிற்று என்று ஆகிவிடாது. அது அவருக்கு எட்டியிருக்க வேண்டும். அவரால் எழுந்து வர முடிந்திருக்க வேண்டும்.

ஒரு கண் மருத்துவமனையில் பார்த்ததைச் சொல்கிறேன். கண்பாவை விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு, "கண்ண மூடிக்கிட்டு அப்படியே உட்காருங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போனார். அந்தப் பாட்டி சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்து யாரோ உசுப்பிவிட, கவுன்ட்டருக்குப் போனார். "உங்க நம்பர் எப்பவோ போயிடுச்சே பாட்டி, போர்டப் பாக்கலியா?" என்றார்கள். "நீங்கதானம்மா கண்ண மூடிக்கச் சொன்னீங்க" என்றார் அவர். யாரிடமும் பதில் இல்லை. மூடாமல் இருந்திருந்தாலும் பயனில்லை; அந்தச் சொட்டு மருந்தின் கூச்சமும் மங்கலும் சில மணி நேரம் இருக்கும், ஒளிரும் பலகையைப் பார்ப்பது அந்தக் கண்ணுக்குப் பெரும் சிரமம். கண்ணைப் பார்க்க வந்தவரைக் கண்ணால் பார்த்து எழுந்து வரச் சொல்கிற ஏற்பாட்டை யாரோ யோசித்து, டெண்டர் விட்டு, பணம் கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

காதுக்கு வருவோம். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை தரும் கணக்கு. வயதில் வரும் காது மந்தம் எல்லா ஒலியையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. உச்சத்தில் ஒலிப்பவை முதலில் போகின்றன. மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கி உயிரொலிகளின் முழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகவே புரிந்துகொள்கிற பெரியவர், மின்விசிறி இரைச்சலும் குழந்தை அழுகையும் ஸ்ட்ரெச்சர் சக்கரமும் சேர்ந்த கூடத்தில் மைக்கில் வருவதைப் பிரித்தறிய முடியாமல் திணறுகிறார். நம் எண்ணுப் பெயர்களோ பின்பாதி ஒத்தவை. இருபத்தேழு, அறுபத்தேழு. எழுபத்தெட்டு, எண்பத்தெட்டு. எதிரொலிக்கும் கூடத்தில் முன்பாதி கரைந்தால் எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் சொன்னால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்பும். ஒலியைக் கூட்டி வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 80 சதவீதம். பெண்களில் சுமார் 73 சதவீதம். வயதானவர்களை மட்டும் எடுத்தால் இது இன்னும் குறைவாகவே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "எண் படிக்க எழுத்து எதற்கு, பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறார்களே" என்பார்கள். சரிதான், ஏறுகிறார்கள். ஆனால் பலகையில் டோக்கன் எண் தனியாக வருவதில்லை. அறை எண், டாக்டர் பெயர், துறையின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் மாறி மாறி ஓடுகின்றன; இடையில் விளம்பரம்கூட வருகிறது. 14 என்பது அறையா, தன் எண்ணா என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களை எந்த ஓ.பி.யிலும் பார்க்கலாம்.

இனி, கழிப்பறைக்குப் போனவர்கள். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்ததே டாக்டர்தான். அது அவரை அடிக்கடி எழுப்பும். சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கும் அப்படித்தான். புராஸ்டேட் வீங்கிய முதியவருக்கும், மாதம் ஏறிய கர்ப்பிணிக்கும் அப்படித்தான். கழிப்பறை கூடத்தின் மறுகோடியில் இருக்கும், அல்லது வேறு கட்டடத்தில் இருக்கும். போய்த் திரும்புவதற்குள் நம்பர் போய்விடும். "கூப்பிட்டப்ப எங்க போனீங்க?" என்ற கேள்விக்கு, சுற்றிலும் ஐம்பது பேர் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு பெண் என்ன பதில் சொல்வார்?

எண்ணைத் தவறவிட்டவர்கள் யார் யார் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், எந்த மருத்துவமனையாவது குறித்து வைத்துப் பார்க்கட்டும். காது மந்தமானவர், கண் மங்கியவர், காய்ச்சலில் கண்ணயர்ந்தவர், மனநோய் மருந்தின் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவிடம் தேடிப் போனவர், துணைக்கு ஆள் இல்லாமல் தனியே வந்தவர். கவனமில்லாமல் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவரும் இருப்பார், இல்லை என்று சொல்லவில்லை. அவர் ஒருவருக்காகப் போட்ட தண்டனை மற்ற எல்லோர் மீதும் விழுகிறது. எந்த உடல் குறைக்காக ஒருவர் மருத்துவமனைக்கு வந்தாரோ அந்தக் குறைக்காகவே அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்புகிறோம். கடைசிக்குப் போனவர் வரும்போது டாக்டர் வார்டுக்குப் போயிருப்பார், ரத்தப் பரிசோதனைக் கவுன்ட்டர் மூடியிருக்கும், ஊருக்குப் போகும் பஸ்ஸும் போயிருக்கும்.

இது இரக்கத்தோடு மட்டும் நிற்கிற விஷயமும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அதன் எல்லாப் பகுதியிலும் தடையற்ற அணுகல் வேண்டும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டும் என்று சொல்கிறது. வாசலில் சாய்தளம் கட்டியதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். காது கேளாதவருக்கு மைக்கும், பார்வையற்றவருக்கு மின்பலகையும் படிக்கட்டைப் போன்ற தடைதான்.

"ஜனங்கள் உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை, கதவை மொய்க்கிறார்கள்" என்பது நிர்வாகத்தின் நிரந்தரப் புகார். ஏன் மொய்க்கிறார்கள்? உட்கார்ந்தால் கேட்காது என்பதால். தவறவிட்டால் கடைசி என்பதால். 41 நடக்கும்போது கையில் 83 வைத்திருப்பவருக்கு இன்னும் அரை மணியா, மூன்று மணி நேரமா என்று சொல்ல யாரும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் அப்படித்தான் என்று டேவிட் மைஸ்டர் 1985-இல் காத்திருப்பின் உளவியல் பற்றிய தன் கட்டுரையில் விளக்கினார். அவர் பேசியது வாடிக்கையாளர்களைப் பற்றி. நோயாளிக்கு அது தோற்றத்தோடு நிற்பதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி கொடுக்க வேண்டிய சர்க்கரை நோயாளி, கேன்டீனுக்குப் போனால் நம்பர் போய்விடுமோ என்று பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார். இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவர் இப்படி உட்கார்ந்திருந்தால் மயங்கி விழக்கூடும். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டிவரும் என்று குடிக்காமலே இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். கூட்டம் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பதால் வரும் கேடு வேறு. காற்றில் பரவும் தொற்றைத் தடுக்க இந்திய அரசு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இருமுகிறவர்களை முன்கூட்டியே கண்டறிந்து பிரித்து விரைவாகப் பார்த்து அனுப்ப வேண்டும், காத்திருக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. வெளியே வேப்பமரத்தடியில் காற்றாட உட்காரக்கூடிய நூறு பேரை, நம்பர் போய்விடும் என்ற பயம் ஒன்றே உள்ளே இழுத்து அடைத்து வைத்திருக்கிறது.

இதற்கு மாற்றாக, "எண் சொல்லிக் கூப்பிடுவது மனிதரை மதிப்பதாகாது, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஓ.பி. கூடத்தில் "லட்சுமி" என்று கூப்பிட்டால் நான்கு பேர் எழுவார்கள்; முதலெழுத்தைச் சேர்த்தாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். வேலூர் சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களின் பெயர் நம் வாயில் எப்படி உருமாறும் என்று நினைத்துப் பாருங்கள்; தங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இன்னும் பெரிய காரணம், சில வாசல்களில் பெயரை உரக்கச் சொல்வதே ஒருவரைக் காட்டிக்கொடுப்பதாகும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம், அதற்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம், மனநலப் பிரிவு, கருக்கலைப்புக்கு வந்தவர்கள் காத்திருக்கும் இடம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த மைய வாசலில் ஊரும் பேரும் சொல்லிக் கூப்பிட்டால் தாளில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நோயாளியின் தகவலைக் காக்கக் கடுமையான விதிகள் வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே காத்திருப்புக் கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்காட்டுவார்கள். இருக்கிறது, தேவைக்கு மேல் எதையும் சொல்லாத வரை. சட்டம் அனுமதித்துவிட்டது என்பதற்காக ஊரிலுள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கூடத்தில் அதைச் செய்ய வேண்டும் என்று ஆகாது.

பெயருக்கு உரிய இடம் கதவுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே அது மிக அவசியம். சிகிச்சைக்கு முன் நோயாளியைக் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதி செய்ய வேண்டும் என்பது 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்பு வழிமுறைகளில் ஒன்று. "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், சரியாகக் காதில் விழாத எவரும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னம்மா, வயசு என்ன, எந்த ஊரு?" என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். கூடத்தில் எண், கதவுக்குள் பெயர். தவறான ஆளுக்கு ஊசி போடுவது இந்த இடத்தில்தான் தடுக்கப்படுகிறது.

அடுத்து கைபேசி. "எல்லாரிடமும் செல்போன் இருக்கிறது, குறுஞ்செய்தி அனுப்பினால் முடிந்தது." தேசிய சுகாதார ஆணையம் 2022-இல் கொண்டுவந்த ஸ்கேன் அண்ட் ஷேர் முறையை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். கியூ.ஆர். குறியைப் படம் பிடித்தால் பதிவு முடிந்து டோக்கன் போனுக்கே வந்துவிடுகிறது. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையை அது சுருக்கியது நல்ல விஷயம். ஆனால் அது பதிவுக்கான முறை. டாக்டர் அறைக்குக் கூப்பிடுவது அதற்குப் பிறகு வருவது. குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? சீட்டில் இருப்பது திருப்பூரில் வேலை செய்யும் மகனின் எண். அம்மா கையில் இருப்பது பட்டன் போன், அதுவும் பைக்குள். வந்த செய்தியோ ஆங்கிலத்தில். போன் உள்ளவர்களுக்குக் கூடுதல் வசதியாகக் குறுஞ்செய்தி இருக்கட்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தினால் நல்ல போன் வைத்திருப்பவர் முன்னால் போவார், மற்றவர் பின்தங்குவார். கதவிடுக்கில் சிபாரிசுக்காரர் நுழைந்த பழைய கதைதான் அது.

பிறகு என்னதான் செய்வது என்றால், முதலில் கேட்க வேண்டும். ஓ.பி. சீட்டு எழுதும்போதே, "காது நல்லா கேக்குமா? போர்டு படிக்க முடியுமா? கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டு, முடியாதவர் சீட்டில் பளிச்சென்று ஒரு முத்திரை குத்திவிட வேண்டும். அந்த முத்திரை உள்ளவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவைத்து, அவர் முறை வரும்போது ஒருவர் அவர் அருகில் போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிவர வேண்டும். இது என் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவை முழுவதிலும், நோயாளிக்கோ அவரைப் பார்த்துக்கொள்பவருக்கோ உடல் குறையால் தகவல் பெறுவதில் என்ன உதவி தேவை என்று கேட்டு, பதிவு செய்து, கண்ணில் படும்படி குறித்துவைத்து, அதன்படி நடக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. அங்கும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்பது மருத்துவமனையின் வேலை என்று அங்கே எழுதிவைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, ஒவ்வொருவராகக் கூடத்திலிருந்து டாக்டர் அறைக்கு நேரே கூப்பிடாமல், ஐந்தைந்து பேராக உள்பெஞ்சுக்கு வரவழைப்பது. சில மருத்துவமனைகள் இதைச் செய்கின்றன. ஒருவர் வரவில்லை என்றால் தேடுவதற்கு அவகாசம் இருக்கிறது, டாக்டரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கூடத்தில் தேவையில்லாத பதற்றமும் அடங்குகிறது. மூன்றாவது, டாக்டர் வார்டுக்கோ அவசர சிகிச்சைக்கோ போய்விட்டால் அதைச் சொல்வது. "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் போயிருக்கார், ஒரு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வாங்க, உங்க நம்பர் போகாது" என்ற ஒரு அறிவிப்புக்கு என்ன செலவு?

நேரம் பிரித்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசினாலே, "நம் ஜனங்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது, எல்லாரும் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள்" என்கிறார்கள். திருமலையில் தரிசனத்துக்கு நேரம் போட்டுக் கொடுத்த டோக்கனோடு இதே ஜனங்கள்தான் அந்த நேரத்துக்குப் போய் நிற்கிறார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் குறித்த நேரத்தில் போகிறார்கள். சொன்ன நேரம் மதிக்கப்படும் என்று தெரிந்தால் மக்கள் அதை மதிக்கிறார்கள். மருத்துவமனையில் பத்து மணி என்று சொல்லி ஒன்றரை மணிக்குப் பார்த்த அனுபவம்தான் அவர்களை ஐந்து மணிக்கே வரவைக்கிறது. பிரிட்டனில் நார்மன் பெய்லி 1952-இலேயே வெளிநோயாளர் வரிசையைக் கணித முறையில் ஆராய்ந்து காட்டினார்: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்லி, பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேரத்துக்கு ஒருவராக வரச்சொன்னால் டாக்டர் அதிகம் சும்மா இருக்க நேராது, நோயாளியும் மணிக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. அதற்கு டாக்டரும் குறித்த நேரத்துக்கு வர வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வரும் நம் அரசு மருத்துவமனைகளில் நிமிடக் கணக்கு பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். மணிக்கணக்கு பொருந்தும். மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் தேதி ஏற்கெனவே சீட்டில் எழுதப்படுகிறது. அதன் பக்கத்தில் "9 முதல் 10" என்றோ "11 முதல் 12" என்றோ எழுத இன்னும் கொஞ்சம் மைதான் வேண்டும்.

"ஆள் இல்லை" என்பது கடைசி மறுப்பு. எல்லா மறுப்பிலும் இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது. அரசு மருத்துவமனையில் ஒரு சிஸ்டர் செய்கிற வேலையைப் பார்த்தவர்கள் அதை லேசாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் இப்போது அந்த சிஸ்டரும் செக்யூரிட்டியும் காலை முழுவதும் எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? "என் நம்பர் வந்துடுச்சா, என் நம்பர் வந்துடுச்சா" என்ற ஒரே கேள்விக்கு. கதவை மறித்து நிற்பவர்களை விலக்குவதற்கு. விட்டுப்போனவர்களோடு வாக்குவாதம் செய்வதற்கு. சரியாகக் கூப்பிடாததால் வருகிற வேலை இது. ஒரு ஓ.பி. கூடத்துக்கு ஒருவரை இதற்கென்றே நிறுத்தினால் இந்த வேலையில் பெரும்பகுதி இல்லாமல் போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாத ரத்த அழுத்த நோயாளியின் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது இந்த மாநிலம். மலைக் கிராமத்துக்கும் ஆள் அனுப்ப முடிந்த அரசால், தன் கூடத்துக்குள் இருபது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் ஒருவரை அனுப்ப முடியாது என்பதை நான் நம்பவில்லை.

இந்த ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் இருக்கிறது: விட்டுப்போனவரைக் கடைசிக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துவது. அந்த வழக்கத்தை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்த மருத்துவ நூலிலும் அது கிடையாது. அதை எடுக்க நிதியும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். நிலைய மருத்துவ அலுவலர் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஒவ்வொரு ஓ.பி. வாசலிலும் ஒட்டச் சொல்லி, படிக்கத் தெரியாதவர்களுக்காக மணிக்கொரு முறை மைக்கில் வாசிக்கவும் சொன்னால் நாளைக் காலையிலேயே நடைமுறைக்கு வந்துவிடும்: "உங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது நீங்கள் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். வந்தவுடன் சொல்லுங்கள். இப்போது உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் அடுத்தவர் நீங்கள்தான்."